245-ஆ, 265-ஆ? ஆஃப்ரோடு வண்டிக்கு டயர் அளவை முடிவு செய்யும் கணக்கு

தார், ஜிம்னி, கூர்கா மாதிரி ஜீப் வகை வண்டி ஒன்றை வாங்கி ஓராண்டு ஓட்டியவர் டயர் கடைக்குப் போனால் முதலில் கேட்பது, "இதைவிடப் பெரிய சைஸ் போடலாமா?" என்றுதான். "போடலாம் சார், உரசாது" என்று பதில் வரும். உரசுமா உரசாதா என்பது இந்தக் கேள்வியில் ஒரு சிறு பகுதி. டயரின் உயரம் மாறினால் மீட்டர் காட்டும் வேகம் மாறுகிறது. கியரின் இழுவை மாறுகிறது. பிரேக்கை மிதிக்க வேண்டிய அழுத்தமும் ஸ்டீயரிங்கின் கனமும் மாறுகின்றன. சட்டத்தின் கண்ணில் வண்டியின் நிலைகூட மாறலாம். நான்கு டயருக்குக் கொடுக்கும் பணம் சிறிய தொகை அல்ல. அந்தப் பணத்தில் வண்டி முன்பைவிட மோசமாகிவிடும் வாய்ப்பும் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

## பக்கச்சுவரில் என்ன எழுதியிருக்கிறது

245/75 ஆர்16 என்று டயரின் பக்கச்சுவரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஒரு பக்கச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து மறு பக்கச்சுவரின் வெளிப்புறம் வரை. தரையில் பதியும் பட்டன் பகுதி, அதாவது ரப்பர் கட்டைகள் உள்ள பகுதி, இதைவிடக் குறுகலாக இருக்கும்.

2. 75 என்பது சதவீதம். அகலத்தில் 75 சதவீதம் எவ்வளவோ, அதுதான் பக்கச்சுவரின் உயரம். 245-இல் 75 சதவீதம் 183.75 மி.மீ. பலரும் சறுக்கும் இடம் இது. 265/75 என்று எடுத்தால் அகலம் மட்டும் 20 மி.மீ. கூடும் என்று நினைக்கிறார்கள். அதே 75 சதவீதத்தை இப்போது 265-க்குக் கணக்கிட வேண்டும் என்பதால் பக்கச்சுவரும் 15 மி.மீ. வளர்ந்துவிடுகிறது.

3. ஆர் என்றால் ரேடியல். உள்ளே இருக்கும் நூலடுக்கின் அமைப்பைக் குறிக்கிறது. இன்றைய கார், ஜீப் டயர்கள் அனேகமாக எல்லாமே இந்த வகைதான்.

4. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் 406.4 மி.மீ.

இவற்றிலிருந்து டயரின் முழு உயரம் கிடைக்கும். மேலே ஒரு பக்கச்சுவர், நடுவில் ரிம், கீழே ஒரு பக்கச்சுவர்: 183.75 + 406.4 + 183.75 = 773.9 மி.மீ. இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாக் கணக்கும்.

வேறு இரண்டு எழுத்துமுறைகளும் கண்ணில் படும். 31×10.5 ஆர்15 என்றிருந்தால் டயரின் முழு உயரம் 31 அங்குலம், அகலம் 10.5 அங்குலம், ரிம் 15 அங்குலம். இதில் சதவீதக் கணக்கே இல்லை. பழைய ஜீப்புகளில் 6.00-16 என்று இருக்கும். 6 அங்குல அகலம், 16 அங்குல ரிம். இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் ஜீப் இந்த அளவில்தான் ஓடியது. இன்றைய கண்ணுக்கு அது சைக்கிள் டயர் போலத் தெரியும். அத்தனை ஒல்லியான டயரில் அது எப்படிச் சேற்றைக் கடந்தது என்பதற்கான பதில், கீழே அகலம் பற்றிப் பேசும்போது வரும்.

## 18 அங்குலம் 16-ஐவிடப் பெரியதா?

மஹிந்திரா 2020-இல் கொண்டுவந்த மூன்று கதவுத் தார் இரண்டு டயர் அளவுகளில் வந்தது. கீழ் வகையில் 245/75 ஆர்16, மேல் வகையில் 255/65 ஆர்18. கேட்டவுடன் 18 பெரிய டயர், 16 சின்ன டயர் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

245/75 ஆர்16: முழு உயரம் 773.9 மி.மீ., பக்கச்சுவர் 184 மி.மீ.
255/65 ஆர்18: முழு உயரம் 788.7 மி.மீ., பக்கச்சுவர் 166 மி.மீ.

ரிம் இரண்டு அங்குலம், அதாவது 51 மி.மீ. பெரிதாகியிருக்கிறது. டயரின் உயரமோ 15 மி.மீ. கூடக் கூடவில்லை. வித்தியாசம் எங்கே போயிற்று? ரப்பர் குறைந்து அந்த இடத்தில் உலோகம் வந்துவிட்டது. பக்கச்சுவரில் சுமார் 18 மி.மீ. காணாமல் போயிருக்கிறது.

கரடுமுரடான பாதையில் பக்கச்சுவர்தான் முதல் சஸ்பென்ஷன். கல்லின் மேல் ஏறும்போது டயர் மடிந்து கல்லைப் பொதிந்து பிடிப்பது அதனால்தான். காற்றை இறக்கும்போது டயர் நீளவாக்கில் பரவுவதும் அதனால்தான். உயரமான பக்கச்சுவர் இருந்தால் ரிம் கல்லில் மோதி நெளியும் வாய்ப்பும் குறைகிறது. நெடுஞ்சாலையில் வளைவில் திரும்பும்போது 18 அங்குல ரிம் இறுக்கமாக, சொன்னபடி திரும்பும் உணர்வைத் தரும் என்பது உண்மை. ஆனால் கல்லிலும் மணலிலும் பாதி நாள் கழிக்கப்போகிறவருக்கு, பார்வைக்கு எளிமையான அந்த 16 அங்குல வீல்தான் சரியான வீல். மேல் வகையை வாங்கிவிட்டு அதிலிருந்து 16-க்கு இறங்குவதை இறக்கமாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: பிரேக் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) 16 அங்குல ரிம்முக்குள் தட்டாமல் அடங்குகிறதா என்று உங்கள் வகைக்கு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

## உயரமான டயர் எதைத் தருகிறது

வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி கூடும். ஆனால் நினைக்கும் அளவு கூடாது. அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. டயர் 30 மி.மீ. உயர்ந்தால் அச்சு 15 மி.மீ.தான் உயரும். 245/75 ஆர்16-இலிருந்து 265/75 ஆர்16-க்குப் போனால் முழு உயரம் 773.9-இலிருந்து 803.9 ஆகிறது. தரை இடைவெளியில் கிடைப்பது ஒன்றரை சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு விரல் பருமன்.

அந்த ஒரு விரலுக்கும் மதிப்பு உண்டு, அது எந்த வண்டி என்பதைப் பொறுத்து. ஜிம்னியில் முன்னும் பின்னும் திட அச்சு, அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கட்டையான அச்சு. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியல் உருண்டை அச்சோடு சேர்ந்தே இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் பாடி உயரும், அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்க ஒரே வழி உயரமான டயர். தாரில் பின்பக்கம் மட்டும் திட அச்சு, முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். டயர் தடத்தால் பள்ளம் விழுந்து நடுவில் மேடு நிற்கும் எஸ்டேட் பாதைகளில் தட்டுவது பெரும்பாலும் இந்த உருண்டைதான்.

இன்னொரு பலன், படிபோல நிற்கும் கல்லின் மேல் பெரிய டயர் சுலபமாக உருண்டு ஏறும். சைக்கிள் ஏறும் படியில் டிராலி பையின் சின்னச் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்போம். அதே காரணம்.

## அதற்கு வண்டி கொடுக்கும் விலை

ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி டயர் 195/80 ஆர்15. முழு உயரம் 693 மி.மீ. பலர் ஆசைப்படுவது 235/75 ஆர்15. அதன் உயரம் 733.5 மி.மீ. கூடுதல் 40.5 மி.மீ., அதாவது 5.8 சதவீதம். தரை இடைவெளியில் 20 மி.மீ. கிடைக்கும். பதிலுக்கு நடப்பவை:

1. இழுவை குறையும். எஞ்சின் தரும் முறுக்குவிசை டயரின் ஆரத்தால் வகுக்கப்பட்டுத்தான் தரையில் தள்ளும் விசையாகிறது. ஆரம் 5.8 சதவீதம் கூடினால் தள்ளும் விசை 5.5 சதவீதம் குறையும். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது 134 நியூட்டன் மீட்டர். பெரிய டயரில் அது 127 உள்ள எஞ்சின் போல நடந்துகொள்ளும். 4×4-இன் லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் கியரில், இதைச் சமாளித்துவிடலாம். மலைப்பாதையில் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் மூன்றாவது கியரில் ஏறும்போது வண்டி தம் கட்டும், இரண்டாவதுக்கு இறக்க வேண்டிவரும். 300 நியூட்டன் மீட்டர் தரும் தார் டீசலில் இதே சதவீத இழப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் "அவர் வண்டியில் போட்டார், நன்றாக ஓடுகிறது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. மீட்டர் பொய் சொல்லும். சக்கரம் எத்தனை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் மீட்டர் வேகத்தைக் காட்டுகிறது. மீட்டர் 80 காட்டும்போது கணக்குப்படி வண்டி கிட்டத்தட்ட 85-இல் போகும். 2019 ஜூலை முதல் இந்தியக் கார்களில் 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி கட்டாயம். அந்த ஒலியும் தாமதமாகவே வரும். சாலையோரக் கேமரா பார்ப்பது உண்மையான வேகத்தை.

3. மைலேஜ் கணக்குக் குழம்பும். மீட்டரில் 10,000 கி.மீ. என்றால் உண்மையில் ஓடியது 10,580-க்குப் பக்கம். "டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது" என்பதில் ஒரு பகுதி உண்மையான இழப்பு, ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழை. பெரிய டயருக்கு மாறியவர்கள் மொபைலின் ஜி.பி.எஸ். தூரத்தை வைத்துத்தான் மைலேஜ் பார்க்க வேண்டும்.

4. பிரேக்குக்கு வேலை கூடும். சுற்றும் எடை கூடுகிறது, அந்த எடை மையத்திலிருந்து இன்னும் தள்ளி நிற்கிறது. அதே வேகத்தில் நிறுத்த அதிக அழுத்தம் வேண்டும். நீண்ட இறக்கத்தில் சூடும் கூடுதலாகச் சேரும். மலையிலிருந்து இறங்கும்போது உயிர் பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது என்பதால், இந்த நான்கில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் டயர் தொழிலில் பொதுவாக ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: முழு உயரம் கம்பெனி அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. தாரின் இரண்டு கம்பெனி அளவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 1.9 சதவீதம். தயாரிப்பாளரே ஒப்புக்கொள்ளும் விலகல் எவ்வளவு என்பதற்கு அது நல்ல அடையாளம். தாரில் 245/75 ஆர்16-க்குப் பதில் 285/75 ஆர்16 போடுவோர் 7.8 சதவீதம் தாண்டிப் போகிறார்கள். அது டயர் மாற்றம் அல்ல, வண்டி மாற்றம். கியர் விகிதம், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றினால்தான் அது சரியாக நிற்கும்.

## அகலமும் காற்றும்

அகலமான டயர் தரையை அதிகமாகப் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை.

டயர் தரையில் பதியும் இடத்தைத் தடம் என்போம். தடத்தின் பரப்பு ஏறத்தாழ, சக்கரத்தின் மேல் உள்ள எடையை டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. ஆட்களோடு 2 டன் வரும் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. டயர் கடையில் காற்றை அளக்கும் அலகு பி.எஸ்.ஐ.; 32 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. 500-ஐ 2.25-ஆல் வகுத்தால் 222 சதுர செ.மீ. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 245-க்குப் பதில் 265 போட்டு அதே 32 பி.எஸ்.ஐ. வைத்தால் தடத்தின் பரப்பு ஏறத்தாழ அதேதான். வடிவம் மட்டும் மாறும்: அகலம் கூடி, நீளம் குறையும்.

இப்போது டயரை மாற்றாமல் காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். ஒரு சதுர செ.மீ.க்கு 1.125 கிலோ. தடம் 444 சதுர செ.மீ., அதாவது இரண்டு மடங்கு. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் சரியாக இரண்டு மடங்கு வராது. ஆனாலும் 20 மி.மீ. அகலம் தரும் எதையும்விட இது பல மடங்கு பெரிய மாற்றம். தடம் பெரும்பாலும் நீளவாக்கில் வளர்கிறது, டாங்கியின் பட்டை போல. மணலைத் தோண்டாமல் மணலின் மேல் போகத் தேவைப்படுவது அதுதான்.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் 32 பி.எஸ்.ஐ.யோடு இறங்கினால் பெரிய டயரும் புதையும். 16 பி.எஸ்.ஐ.யில் கம்பெனி டயர் போய்விடும். (காப்புக்காட்டுப் பகுதிகளில் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.) சரளைப் பாதைக்கு 24 முதல் 26, கல்பாதைக்கு 18 முதல் 22, மென்மணலுக்கு 15 முதல் 18 என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. 12-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயரின் விளிம்பு கழன்றுவிடும் ஆபத்து உண்டு. குறைந்த காற்றில் வேகமாகப் போகவும் கூடாது. பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்று பிடித்துவிட வேண்டும். ஒரு நல்ல கம்ப்ரஸரும் காற்றழுத்த மானியும் வாங்கும் செலவு ஒரே ஒரு பெரிய டயரின் விலையைவிடக் குறைவு. பெரிய டயர் வாங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: முதலில் இருக்கிற டயரில் காற்றை இறக்கிப் பாருங்கள்.

அகலம் கெடுதலாகும் இடமும் உண்டு. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்தால் மேலே நாலு விரல் சேறு வழுக்கும், அதற்குக் கீழே மண் இறுகியே இருக்கும். ஒல்லியான டயர் அந்தச் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே உள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கும். அகலமான டயர் சேற்றின் மேலேயே மிதந்து வழுக்கும். வில்லிஸ் ஜீப்பின் 6 அங்குல டயர் சேற்றைக் கடந்தது இப்படித்தான். அடியே காணாத சதுப்பிலும் மணலிலும் அகலம் கைகொடுக்கும். அடியில் கெட்டித் தரை இருக்கும் சேற்றில் ஒல்லி ஜெயிக்கும். கரிசலில் இன்னொரு தொல்லை, பட்டன்களுக்கு இடையே மண் அப்பிக்கொண்டு டயர் மொட்டை டயர் போல ஆகிவிடுவது. அங்கே காப்பாற்றுவது அளவு அல்ல, பட்டன்களுக்கு இடையே உள்ள அகலமான இடைவெளி.

பட்டன் வகையைப் பற்றிச் சுருக்கமாக. எச்.டி. தார்ச்சாலைக்கு, எம்.டி. சேற்றுக்கு, ஏ.டி. இரண்டுக்கும் நடுவில். வாரம் முழுக்க நகரத்தில் ஓடி மாதம் ஒருமுறை மலைக்குப் போகும் வண்டிக்கு ஏ.டி. போதும். எம்.டி. டயர் ஈரமான தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது பின்தங்கும், இரைச்சலும் அதிகம்.

## ரிம்மும் உரசலும்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலம் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று வரையறை உண்டு. ஜிம்னியின் ரிம் 5.5 அங்குல அகலம். 215/75 ஆர்15 டயருக்கு 5.5 என்பது கீழெல்லை, பொருந்தும். 235/75 ஆர்15-க்குக் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். 5.5-இல் மாட்டினால் ஏறத்தான் ஏறும், கடையில் காற்றும் பிடித்துத் தருவார்கள். ஆனால் இரு விளிம்பும் உள்ளே இழுபட்டு டயரின் நடு உப்பி நிற்கும். நடுப்பட்டன் சீக்கிரம் தேயும், வளைவில் டயர் தள்ளாடும். ஆகவே 235 என்பது டயர் செலவு மட்டும் அல்ல, ரிம் செலவும் சேர்ந்தது.

ரிம் மாற்றும்போது ஆஃப்செட் என்ற சொல் வரும். ரிம் அச்சோடு போல்ட் ஆகும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். பார்க்க முறுக்காக இருக்கும், ஆனால் பேரிங்கின் மேல் பளு கூடும், ஸ்டீயரிங் கனக்கும், குழியில் விழும்போது கைக்கு உதை வரும். ஜிம்னி போல முன்பக்கம் திட அச்சு உள்ள வண்டியில், கனமான டயரும் குறைந்த ஆஃப்செட்டும் சேர்ந்தால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கிடுகிடுவென ஆடத் தொடங்குவதும் உண்டு.

உரசலைக் கடையின் சமதரையில் சோதிப்பது சோதனையே அல்ல. செய்ய வேண்டியது இப்படி. முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஒரு திண்டின் மேல் ஏற்றி நிறுத்துங்கள், அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கும் அளவுக்கு. பிறகு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, இறங்கிப் போய், டயருக்கும் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்குக்கும் இடையே கையை விட்டுப் பாருங்கள். முன் பம்பர் பக்கம் ஒருமுறை, கதவுப் பக்கம் ஒருமுறை, உள்ளே சேசிஸ் பக்கம் ஒருமுறை. மூன்று இடத்திலும் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். மறுபக்கம் ஒடித்து அதையே திரும்பச் செய்ய வேண்டும். இந்த நிலையில் இடிக்காத டயர் பள்ளத்திலும் பெரும்பாலும் இடிக்காது.

## எவ்வளவு எடை தாங்கும்

அளவுக்குப் பக்கத்தில் 96எஸ் போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் பளுக் குறியீடு: 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ, 100 என்றால் 800, 104 என்றால் 900, 112 என்றால் 1,120. எழுத்து வேகக் குறியீடு: கியூ 160 கி.மீ., எஸ் 180, டி 190, எச் 210. புதிய டயரில் இந்த இரண்டும் கம்பெனி டயரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் பளுக் குறியீடு குறைந்தால் அந்த டயரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

எல்.டி. என்று தொடங்கும் டயர்கள் இலகுரக லாரிகளுக்கானவை. கூடுதல் அடுக்கு, தடித்த பக்கச்சுவர், கூர்கல் எளிதில் கிழிக்காது. ஆனால் கனம் அதிகம். அதே எடையைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். சாமான்களோடு நெடும்பயணம் போகும் கனமான வண்டிக்கு அது பொருத்தம். 1,200 கிலோ ஜிம்னியில் அந்தப் பக்கச்சுவர் மடியவே மடியாது. காற்றை இறக்கினாலும் பலன் குறைவு. இலேசாக இருப்பதுதான் அந்த வண்டியின் பலம், அதைக் கனமான டயர் போட்டுக் கெடுப்பது வருத்தமான விஷயம்.

## சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நடைமுறையில் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர்தான் முதலில் கண்ணில் படும். அதற்குக் காரணமும் நியாயமானது: பக்கத்தில் போகும் பைக்கின் மேல் கல்லை விசிறும். விபத்து நேர்ந்து காப்பீட்டு ஆய்வாளர் வரும்போதும் டயர் அளவு பார்க்கப்படும். பாதுகாப்பான வழி, உங்கள் வண்டியின் ஏதாவது ஒரு வகைக்குத் தயாரிப்பாளரே கொடுத்த அளவுக்குள் தேர்வு செய்வது. தாருக்கு அப்படி இரண்டு அளவு இருக்கிறது.

## ஜிம்னிக்கு எது, தாருக்கு எது

ஜிம்னியில் கம்பெனி அளவே பெரும்பாலோருக்குப் போதும். கொஞ்சம் உயர்த்தியே ஆக வேண்டும் என்றால் கணக்குக்குள் நிற்கும் அளவு 215/75 ஆர்15. முழு உயரம் 703.5 மி.மீ., கூடுதல் 1.5 சதவீதம். மீட்டர் 80 காட்டினால் உண்மை 81. கம்பெனி ரிம்மிலேயே நிற்கும். இன்னொரு பெரிய வசதி, இது பொலேரோவின் டயர் அளவு. ஊர் ஊராக ஓடும் வண்டி என்பதால் சிறு நகரத்து டயர் கடையிலும் கிடைக்கும். பக்கச்சுவர் கிழிந்து மலையடிவாரத்தில் நிற்பவருக்கு, சென்னையிலிருந்து மூன்று நாளில் வரும் அபூர்வ அளவைவிட எதிர்க் கடையில் தொங்கும் அளவு மேல். அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் இது கம்பெனி கொடுத்த அளவு இல்லை என்பதால், மேலே சொன்ன சட்டக் கேள்வி இதற்கும் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது.

தாரில் 245/75 ஆர்16 நல்ல ஏ.டி. டயரோடு இருந்தால் நம் ஊர்ப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. 18 அங்குல ரிம்மையே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு 265/65 ஆர்18 என்பது 801.7 மி.மீ., கூடுதல் 1.6 சதவீதம். 265/75 ஆர்16 போடுவோர் 773.9-ஐ அடிப்படையாக வைத்தால் 3.9 சதவீதம் தாண்டுகிறார்கள், 788.7-ஐ வைத்தால் 1.9. எந்த வகையில் வந்த வண்டி என்பதைப் பொறுத்து அதே டயர் வரம்புக்கு உள்ளேயும் நிற்கும், வெளியேயும் நிற்கும்.

ஸ்டெப்னியை மறந்துவிட்டு நான்கு டயர் மட்டும் வாங்குவது தொடர்ந்து நடக்கும் பிழை. இந்த வண்டிகளில் 4×4-இல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். நடுவில் வித்தியாசத்தை விழுங்க டிஃப்ரன்ஷியல் கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் சின்ன உயரத்தில் இருந்தால் பிடிப்புள்ள தரையில் அந்த வித்தியாசம் முழுவதும் கியர்களிலும் ஜாயிண்டுகளிலும் முறுக்காக ஏறும். ஆகவே ஐந்தும் ஒரே அளவு, ஒரே வகை. ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது என்பதால், கனமான டயர் என்றால் கீல் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024-இன் 23-ஆம் வாரத்தில் தயாரானது. ஐந்து டயருக்கும் தேதி ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும்.

## மாட்டிய பிறகு

கணக்கில் வந்த உயரமும் தரையில் நிற்கும் உயரமும் ஒன்றல்ல. எடையில் டயர் கொஞ்சம் அமுங்கும். கம்பெனிக்குக் கம்பெனி ஒரே அளவிலும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். நிஜ அளவை வீட்டிலேயே எடுக்கலாம். சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு. டயரின் கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திரும்பத் தரையைத் தொடும் வரை வண்டியை மெதுவாகத் தள்ளி, அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே டேப் பிடியுங்கள். 245/75 ஆர்16-க்குக் காகிதக் கணக்கு 2.43 மீட்டர், டேப்பில் சில சென்டிமீட்டர் குறைவாக வரும். பழைய டயரைக் கழற்றும் முன்பே இதை ஒருமுறை எடுத்து வைத்திருந்தால், மீட்டர் எத்தனை சதவீதம் விலகும் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும்.

புது அளவுக்கு எவ்வளவு காற்று என்பதற்கும் சாக்பீஸ் உதவும். பட்டனின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டு, நேரான தார்ச்சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஒரே சீராக அழியும் அழுத்தம்தான் தார்ச்சாலைக்கு உங்கள் தொடக்க அளவு. அது கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளை டார்க் ஸ்பானரால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பானர்) ஒருமுறை இறுக்கிச் சரிபார்க்க வேண்டும். முதல் கரடுமுரடான பயணம் முடிந்து வந்ததும் மட்கார்டின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் உரசியிருந்தால் சேறு துடைத்தெடுத்ததுபோல ஒரு பளபளப்பான பட்டை அங்கே தெரியும்.